இரண்டு இணைய லைன், ஒரு ரூட்டர்: ஃபெயில்ஓவரும் லோடு பேலன்சிங்கும்

இரண்டாவது இணைய லைன் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டில் ஒரு நோக்கம் இருக்கும். முதல் லைன் அறுந்துபோனால் வேலை நிற்காமல் அடுத்த லைனுக்குத் தானாக மாறிவிட வேண்டும் என்பது ஒன்று. இதற்குப் பெயர் ஃபெயில்ஓவர். காசு கொடுத்து வாங்கிய இரண்டு லைனும் ஒரே நேரத்தில் சுமையைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. இதற்குப் பெயர் லோடு பேலன்சிங். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இவை இரண்டும் அருகருகே இருப்பதால், ஒன்றைச் செய்தால் மற்றதும் கூடவே வந்துவிடும் என்ற எண்ணம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. உண்மையில் ஃபெயில்ஓவர் விடை தேடுவது "இந்த லைன் உயிரோடு இருக்கிறதா?" என்ற கேள்விக்கு, லோடு பேலன்சிங் விடை தேடுவது "இந்தத் தொடர்பை எந்த லைனில் அனுப்புவது?" என்ற கேள்விக்கு. முதல் கேள்விக்குச் சரியான விடை சொல்லத் தெரியாத ரூட்டரில் இரண்டாவதைத் தொடங்கினால், செத்துப்போன லைனுக்கும் அதன் பங்கு போய்க்கொண்டே இருக்கும். பாதித் தளங்கள் திறக்கும், பாதி திறக்காது. முழுதாக இணையம் போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இப்படி அரைகுறையாகப் போனால் நாள் முழுக்கத் தேடினாலும் பிடிபடாது. ஆகவே ஃபெயில்ஓவரை முதலில் சரியாக அமைத்து, சோதித்து, அதன் பிறகே லோடு பேலன்சிங்கைத் தொட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்த்திருந்தால் போதும், இந்தக் கட்டுரையைப் பின்தொடரலாம். கையில் இருப்பது மைக்ரோடிக்கோ, பிஎஃப்சென்ஸோ, ஓப்பன்டபிள்யூஆர்டியோ, சிஸ்கோவோ, எதுவானாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்; பெயர்களும் பொத்தான்களும்தான் மாறுகின்றன.

ரூட்டிங் டேபிளில் நடப்பது

ஒரு பாக்கெட் (இணையத்தில் போகும் தகவலின் ஒரு சிறு துண்டு) வந்ததும், அது போய்ச் சேர வேண்டிய முகவரியை ரூட்டர் தன் ரூட்டிங் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலில், தேடுகிறது. உள் நெட்வொர்க்கின் முகவரிகளுக்கு அங்கே தனி வரிகள் இருக்கும். எந்த வரியோடும் பொருந்தாத முகவரிகளுக்கென்று, அதாவது கிட்டத்தட்ட முழு இணையத்துக்கும் சேர்த்து, 0.0.0.0/0 என்று எழுதப்படும் ஒரே ஒரு வரி இருக்கும். அதுதான் டிஃபால்ட் ரூட். தெரியாத முகவரி எதுவானாலும் இந்த கேட்வேயிடம் (லைனின் மறுமுனையில் உள்ள அடுத்த கருவியிடம்) ஒப்படைத்துவிடு என்பதே அதன் பொருள்.

இரண்டாவது லைனை இணைத்ததும் இரண்டாவது டிஃபால்ட் ரூட் ஒன்றும் வந்து சேர்கிறது. இரண்டில் எதைப் பின்பற்றுவது என்பதை ஒவ்வொரு வரிக்கும் தரப்படும் ஓர் எண் தீர்மானிக்கிறது. லினக்ஸிலும் ஓப்பன்டபிள்யூஆர்டியிலும் அதை மெட்ரிக் என்பார்கள், மைக்ரோடிக்கில் டிஸ்டன்ஸ், சிஸ்கோவில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ். எண் சிறியதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். முதல் லைனுக்கு 1, இரண்டாவதற்கு 2 என்று வைத்தால் போக்குவரத்து முழுவதும் முதல் லைனிலேயே போகும். முதல் வரி டேபிளிலிருந்து நீங்கும் கணத்தில் இரண்டாவது வரி செயலுக்கு வரும். பிஎஃப்சென்ஸில் இதையே கேட்வே குரூப் என்ற தலைப்பில் டயர் 1, டயர் 2 என்று அமைக்கிறோம். இரண்டு லைனையும் ஒரே டயரில் வைத்தால் அது லோடு பேலன்சிங் ஆகிவிடுகிறது.

ஃபெயில்ஓவரின் இயக்கம் இவ்வளவுதான். சிக்கல் முழுவதும் வேறோர் இடத்தில் இருக்கிறது: முதல் வரியை டேபிளிலிருந்து யார் நீக்குவது, எப்போது நீக்குவது?

லைன் உயிரோடு இருக்கிறதா?

ரூட்டருக்குத் தானாகத் தெரிவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: அதன் வேன் போர்ட்டில் (வெளி லைனுக்கான துளையில்) செருகியிருக்கும் கேபிளின் மறுமுனையில் ஒரு கருவி மின்சாரத்தோடு இருக்கிறதா என்பது. அந்தக் கேபிள் போய்ச் சேருவது பக்கத்தில் இருக்கும் மோடத்திலோ ஃபைபர் பெட்டியிலோதான். வெளியே ஃபைபர் அறுந்துபோனாலும் அந்தப் பெட்டியின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ரூட்டரின் போர்ட்டும் உயிரோடு இருக்கும், டிஃபால்ட் ரூட்டும் டேபிளிலேயே இருக்கும். இணையம் செத்துவிட்டது, ரூட்டருக்கு மட்டும் அது தெரியாது. இரண்டு லைன் வைத்திருந்தும் மாறவில்லையே என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்த படியாகப் பலர் கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்கும் வசதியை இயக்குகிறார்கள். மைக்ரோடிக்கில் இதற்கு செக் கேட்வே என்று பெயர். 10 விநாடிக்கு ஒருமுறை பிங் போகும், தொடர்ந்து இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த வழி செத்ததாகக் கொள்ளப்படும். இது முன்பைவிட மேல்தான், ஆனால் போதாது. கேட்வே என்பது அந்த மோடமாகவே இருந்தால் பழைய கதைதான். சேவை நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும், பழுது அதற்கும் அப்பால் ஏற்பட்டால் கேட்வே பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சரியான வழி, இணையத்தின் தொலைவில் உள்ள ஒரு முகவரியை, குறிப்பிட்ட அந்த லைன் வழியாக மட்டுமே விசாரிப்பதாகும். "அந்த லைன் வழியாக மட்டுமே" என்ற சொற்கள் முக்கியமானவை. முதல் லைனுக்கான பிங், லைன் செத்தபின் இரண்டாவது லைன் வழியாகப் போய்ப் பதில் கொண்டுவந்துவிட்டால், முதல் லைன் மீண்டுவிட்டது என்று ரூட்டர் நம்பித் திரும்பும், திரும்பியதும் மறுபடி பதில் வராது, மறுபடி மாறும். இந்த ஊசலாட்டம் முடிவில்லாமல் நடக்கும். இதைத் தவிர்க்கத்தான் சோதனை முகவரிக்கென்று ஒரு தனி வழியை எழுதிவைக்கிறோம்: உதாரணமாக 8.8.8.8 என்ற முகவரிக்கு முதல் லைன் மட்டும், 1.1.1.1 என்ற முகவரிக்கு இரண்டாவது லைன் மட்டும். பிஎஃப்சென்ஸில் மானிட்டர் ஐபி என்ற கட்டத்தில் முகவரியைத் தந்தால் இந்தத் தனி வழியை அதுவே எழுதிக்கொள்ளும். ஓப்பன்டபிள்யூஆர்டியில் எம்வேன்3 என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. சிஸ்கோவில் ஐபி எஸ்எல்ஏ சோதனையை டிராக் என்ற கண்காணிப்போடு பிணைக்க வேண்டும். மைக்ரோடிக்கில் டிஃபால்ட் ரூட்டின் கேட்வே என்ற இடத்தில் மோடத்தின் முகவரிக்குப் பதிலாக 8.8.8.8 என்றே எழுதி, அந்த முகவரிக்கு மோடம் வழியாக ஒரு தனி வழி அமைத்து, ஸ்கோப், டார்கெட் ஸ்கோப் ஆகிய எண்களைப் பொருத்தமாகத் தரும் முறை வழக்கத்தில் இருக்கிறது; இதை ரிக்கர்சிவ் ரூட்டிங் என்பார்கள். அப்போது செக் கேட்வேயின் பிங், மோடத்தோடு நின்றுவிடாமல் 8.8.8.8 வரை போகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சோதனைக்கென்று முதல் லைனோடு கட்டிப்போட்ட 8.8.8.8 முகவரியையே உள்ளே இருக்கும் கணினிகளுக்கு டிஎன்எஸ் முகவரியாகவும் (தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைச் சொல்லும் சர்வராகவும்) கொடுத்திருந்தால், முதல் லைன் சாகும்போது அந்த முகவரியும் எட்டாமல் போய்விடும். ரூட்டர் ஒழுங்காக மாறியிருக்கும். ஆனாலும் எந்தத் தளமும் திறக்காது, அல்லது ஒவ்வொன்றும் பல விநாடி யோசித்த பிறகே திறக்கும். சோதனைக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறொரு முகவரி என்று பிரித்து வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

ஒரே ஒரு முகவரியை நம்புவதும் நல்லதல்ல. 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் சேவைகள் நம் பிங்குக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவை அல்ல. அவை பதிலைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ நல்ல லைனை ரூட்டர் கைவிட்டுவிடும். வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு மூன்று முகவரிகளைக் கொடுத்து, அவை அனைத்தும் பதில் சொல்லாதபோது மட்டும் லைன் செத்ததாகக் கொள்ளும்படி அமைப்பது பாதுகாப்பானது.

பிறகு கால அளவு. 5 விநாடிக்கு ஒரு பிங், தொடர்ந்து 3 தவறினால் மாற்றம் என்று வைத்தால், லைன் அறுந்ததிலிருந்து மாறுவதற்கு ஏறத்தாழ 15 விநாடி ஆகும். விநாடிக்கு ஒரு பிங், 2 தவறினால் மாற்றம் என்று வைத்தால் வேகமாக மாறும்; ஆனால் லைனில் சுமை ஏறி ஓரிரு பிங் தொலையும் சாதாரண நேரங்களிலும் மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மாற்றமும், அது தேவையானதோ இல்லையோ, ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகளை முறித்துவிடும் என்பதால் இது சிறிய விஷயம் அன்று. வெளியேறுவது விரைவாகவும் திரும்புவது நிதானமாகவும் இருக்கட்டும்: 3 பிங் தவறினால் விலகலாம், ஆனால் 10 அல்லது 20 பிங் தொடர்ந்து வெற்றி பெற்ற பிறகே திரும்ப வேண்டும். விட்டு விட்டு வரும் லைன் ஒன்று இந்த நிதானத்தால்தான் அடங்கும்.

முழுதாகச் சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் லைனையும் கணக்கில் எடுக்கலாம். பிஎஃப்சென்ஸ் பாக்கெட் இழப்பையும் தாமதத்தையும் தொடர்ந்து அளக்கிறது. இயல்பாக அமைந்திருக்கும் எல்லைகளின்படி 10 சதவீத இழப்பிலோ 200 மில்லிவிநாடித் தாமதத்திலோ எச்சரிக்கிறது, 20 சதவீதத்திலோ 500 மில்லிவிநாடியிலோ லைன் பயன்படாது என்று முடிவு செய்கிறது. செயற்கைக்கோள் லைன் போல இயல்பிலேயே தாமதம் மிகுந்தவற்றுக்கு இந்த எல்லைகளை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

மாறும் கணத்தில் என்ன நடக்கிறது

ஃபெயில்ஓவர் நடந்ததும் எல்லாம் தடையின்றித் தொடரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஏன் என்று புரிந்துகொண்டால் லோடு பேலன்சிங்கின் வரம்புகளும் தாமாகவே புரிந்துவிடும்.

உள்ளே 192.168.10.25 என்ற முகவரியில் ஒரு கணினி இருக்கிறது. முதல் லைனில் நமக்குக் கிடைத்திருக்கும் பொது முகவரி 203.0.113.10, இரண்டாவதில் 198.51.100.20 என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒரு தளத்தைத் திறக்கும்போது ரூட்டர் அதன் உள் முகவரியை அழித்துவிட்டு 203.0.113.10 என்று எழுதி அனுப்புகிறது. இந்த மாற்றத்துக்குப் பெயர் என்ஏடி. மறுமுனையில் இருக்கும் சர்வர் ஒரு தொடர்பை ஐந்து விவரங்களால் அடையாளம் காண்கிறது: அனுப்புபவரின் முகவரி, போர்ட், பெறுபவரின் முகவரி, போர்ட், நெறிமுறை. (இங்கே போர்ட் என்பது கேபிள் செருகும் துளை அல்ல, ஒரே கருவியின் தொடர்புகளைப் பிரித்தறியும் எண்.) நடுவில் லைன் மாறினால் பாக்கெட் 198.51.100.20 என்ற முகவரியிலிருந்து வரும். அப்படி ஒரு தொடர்பு சர்வரின் கணக்கிலேயே இல்லை. ஆகவே அதை அது நிராகரித்துவிடும். பழைய தொடர்பு செத்தது செத்ததுதான். புதிய தொடர்பைத் தொடங்குவது அந்தந்தச் செயலியின் பொறுப்பு. பிரவுசர் தானாகவே மறுபடி முயலும். வீடியோ ஏற்கெனவே இறக்கிவைத்த பகுதியை ஓட்டியபடியே சமாளித்துவிடும். குரல் அழைப்பு துண்டிக்கப்படும். பெரிய டவுன்லோடு நின்றுபோகலாம். விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் மறைகுறியீட்டுத் தனிப்பாதை) சில விநாடிகளுக்குப் பிறகு மறுபடி இணையும்.

சில தொடர்புகள் இப்படி நாகரிகமாகச் சாவதும் இல்லை. இணையம் வழியாக இயங்கும் ஓர் அலுவலகத் தொலைபேசியை எடுத்துக்கொள்வோம். தன் சர்வருடன் உள்ள பதிவு அறுந்துவிடாமல் இருக்க அது 20 அல்லது 30 விநாடிக்கு ஒருமுறை யுடிபி என்ற நெறிமுறை வழியாக ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, எப்போதும் அதே போர்ட்டிலிருந்து அதே முகவரிக்கு. ரூட்டரின் தொடர்புப் பதிவேட்டில் இதற்கு ஒரு வரி இருக்கும். லினக்ஸில் இயங்கும் ரூட்டர்களில் இந்தப் பதிவேட்டை கான்டிராக் என்பார்கள். முதல் லைன் செத்து, டிஃபால்ட் ரூட் மாறிய பிறகும், தொலைபேசியின் ஒவ்வொரு செய்தியும் அந்தப் பழைய வரியைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் அமைப்பைப் பொறுத்து இரண்டில் ஒன்று நடக்கலாம். தொடர்பில் முதல் லைன் என்று குறி போடப்பட்டிருந்தால், பாக்கெட்டுகள் செத்த லைனுக்கே போய் விழும். முகவரியை நிலையாக எழுதிவைத்த என்ஏடி விதி இருந்தால், பாக்கெட் இரண்டாவது லைன் வழியாக வெளியேறும், ஆனால் அனுப்புபவர் முகவரியாக 203.0.113.10 என்றே இருக்கும். தன்னுடையது அல்லாத முகவரியோடு வரும் பாக்கெட்டை இரண்டாவது சேவை நிறுவனம் கைவிட்டுவிடும். கணினிகள் எல்லாம் வேலை செய்ய, தொலைபேசிகள் மட்டும் ஊமையாகக் கிடக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது. தொலைபேசியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பதால் பலர் தொலைபேசியையே குறை சொல்கிறார்கள்.

இதற்கு மருந்து, லைன் மாறும்போது பழைய தொடர்பு வரிகளை அழிப்பதாகும். பிஎஃப்சென்ஸில் கேட்வே பழுதாகும்போது ஸ்டேட்களை, அதாவது இந்தத் தொடர்பு வரிகளை, அழிக்கும் தேர்வு இருக்கிறது. எம்வேன்3-இல் கான்டிராக்கைத் துடைக்கும் தேர்வு இருக்கிறது. மைக்ரோடிக்கில் நெட்வாட்ச் என்ற வசதியோடு ஒரு சிறு ஸ்கிரிப்டை இணைத்துச் செய்யலாம். முதல் லைன் திரும்பி வரும்போதும் இதே கேள்வி எழும்: அப்போதும் அழிக்காவிட்டால், இரண்டாவது லைன் விலை அதிகமான மொபைல் லைனாக இருந்தாலும் அதிலேயே சில தொடர்புகள் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். லினக்ஸின் கான்டிராக், நிலைபெற்ற டிசிபி (ஒவ்வொன்றுக்கும் ஒப்புகை பெற்று அனுப்பும் நெறிமுறை) தொடர்பு ஒன்றை எந்த அசைவும் இல்லாமல் 4,32,000 விநாடி, அதாவது 5 நாள், நினைவில் வைத்திருக்கும்படி இயல்பாக அமைக்கப்பட்டிருக்கிறது.

லோடு பேலன்சிங்கில் பங்கிடப்படுவது எது

100 எம்பிபிஎஸ் லைன் ஒன்றும் 50 எம்பிபிஎஸ் லைன் ஒன்றும் இருந்தால் 150 எம்பிபிஎஸ் கிடைக்குமா? பலர் சேர்ந்து பயன்படுத்தும்போது மொத்தமாக ஏறத்தாழ அவ்வளவு கிடைக்கும். ஒரு கோப்பை ஒரே தொடர்பில் இறக்கும் ஒருவருக்கு 100 அல்லது 50-தான் கிடைக்கும், அது எந்த லைனில் விழுந்ததோ அதைப் பொறுத்து. காரணம் மேலே சொன்னதேதான்: ஒரு தொடர்பு தொடங்கிய முகவரியிலேயே முடிய வேண்டும். ஆகவே ரூட்டர் பங்கிடுவது தொடர்புகளை, பாக்கெட்டுகளை அல்ல. முகவரிச் சிக்கலை எப்படியோ தீர்த்து, ஒரே தொடர்பின் பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி இரண்டு லைனிலும் அனுப்பினாலும் பயன் குறைவு. இரண்டு லைனின் தாமதமும் வேறு வேறாக இருப்பதால் பாக்கெட்டுகள் வரிசை மாறிப் போய்ச் சேரும். ஒரே பாக்கெட்டைக் கேட்டு 3 முறை திரும்பத் திரும்ப ஒப்புகை வந்தால் அதைத் தொலைந்ததாக டிசிபி எண்ணி, மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும்.

ஒரே தொடர்பை இரண்டு லைனிலும் பிரித்து அனுப்பும் மல்டிபாத் டிசிபி என்ற முறை இருக்கிறது. அதன் இப்போதைய வடிவம் ஆர்எஃப்சி 8684 என்ற ஆவணமாக 2020-இல் வெளியானது, லினக்ஸ் கெர்னலிலும் அதே ஆண்டு 5.6 பதிப்பில் இடம்பெற்றது. ஆனால் மறுமுனையும் அதைப் பேச வேண்டும். இரண்டு லைனையும் ஒட்டி ஒன்றாக்கித் தருவதாகச் சொல்லும் சேவைகள் எல்லாம் இணையத்தில் எங்கோ ஒரு சர்வரை வைத்து, அந்த சர்வர் வரை டனல் (பாக்கெட்டுகளைப் பொதிந்து கொண்டுபோகும் தனிப்பாதை) அமைத்து, அங்கே பாக்கெட்டுகளை வரிசைப்படுத்தித்தான் இதைச் செய்கின்றன. ரூட்டர் மட்டும் தனியாக நின்று செய்யக்கூடிய வேலை அன்று இது.

தொடர்புகளைப் பங்கிடும் விதத்தை மைக்ரோடிக்கின் பிசிசி முறையில் தெளிவாகப் பார்க்கலாம். புதிய தொடர்பின் முதல் பாக்கெட் வந்ததும், அதன் முகவரிகளையும் போர்ட்டுகளையும் கலந்து ரூட்டர் ஓர் எண்ணை உருவாக்குகிறது. நம் லைன்களின் வேகம் 2-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால் அந்த எண்ணை 3-ஆல் வகுக்கிறோம். மீதி 0 அல்லது 1 வந்தால் முதல் லைன். 2 வந்தால் இரண்டாவது லைன். முடிவானதும் அந்தத் தொடர்பின் மேல் ஒரு குறி போடப்படுகிறது. அதன் பிறகு வரும் பாக்கெட்டுகளுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. குறியைப் பார்த்து அதே லைனில் போகும். பிஎஃப்சென்ஸிலும் எம்வேன்3-இலும் இந்த 2-க்கு 1 விகிதத்தை வெயிட் என்ற எண்ணாகத் தருகிறோம்.

எதைக் கலந்து எண்ணை உருவாக்குவது என்பதில்தான் அனுபவத்தின் தேவை வருகிறது. முகவரியோடு போர்ட்டையும் சேர்த்தால் பங்கீடு மிகச் சீராக அமையும். ஆனால் ஒரே கணினி ஒரே தளத்துக்குத் திறக்கும் பல தொடர்புகள் இரண்டு லைனிலும் சிதறும். வங்கித் தளங்கள் போன்றவை, உள்நுழைந்த முகவரியிலிருந்தே எல்லாக் கோரிக்கைகளும் வர வேண்டும் என்று பார்க்கலாம். நடுவில் வேறு முகவரி தென்பட்டால் பாதுகாப்புக் கருதி வெளியேற்றிவிடும். அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இரு முகவரிகளை மட்டும் கலந்தால் ஒரு கணினிக்கும் ஒரு சர்வருக்கும் இடையில் உள்ள எல்லாம் ஒரே லைனில் போகும். ஆனால் உள்நுழைவு ஒரு சர்வரிலும் பணப் பரிமாற்றம் வேறொரு சர்வரிலும் நடந்தால் மறுபடி அதே தொல்லை. உள்ளே இருக்கும் கணினியின் முகவரியை மட்டும் வைத்தால், ஒரு கணினி எப்போதும் ஒரே லைனில்தான் போகும். எந்தத் தளமும் சந்தேகப்படாது. முப்பது நாற்பது பேர் இருக்கும் அலுவலகத்தில் இதுவே நல்ல தொடக்கம் என்பது என் கருத்து. மூன்றே கணினிகள் இருக்கும் இடத்தில் மூன்றும் ஒரே லைனில் விழுந்துவிடவும் வாய்ப்பு உண்டு என்பதால் அங்கே இது அவ்வளவாக உதவாது.

கணக்குப் போட்டுப் பங்கிடாமல், எது எந்த லைனில் போக வேண்டும் என்று நாமே சொல்லிவிடும் வழியும் இருக்கிறது. தொலைபேசியும் விபிஎன்னும் முதல் லைன். விருந்தினர் வைஃபை, மென்பொருள் அப்டேட், இரவில் நடக்கும் பேக்கப் இரண்டாவது லைன். ஒரு லைன் செத்தால் இரண்டு பிரிவும் மற்ற லைனில் போகும். இதைப் பாலிசி ரூட்டிங் என்பார்கள். அளவில் சிறிய இடங்களுக்கு இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஏதாவது பழுதானால் எந்த லைனைப் பார்ப்பது என்று உடனே தெரிந்துவிடும். பிசிசி அமைத்த இடத்தில் அந்தக் கேள்விக்கே தொடர்புப் பதிவேட்டைத் திறந்துதான் விடை தேட வேண்டும்.

அமைக்கும்போது இடறும் இடங்கள்

இரண்டு மோடமும் உள்பக்கம் ஒரே முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1, வைத்திருப்பது மிகச் சாதாரணமாக நடக்கும். ரூட்டரின் இரண்டு வேன் போர்ட்டிலும் ஒரே நெட்வொர்க் இருந்தால் எந்த மோடம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. ஒரு மோடத்தை 192.168.2.1 என்று மாற்றிவிட வேண்டும்; ரூட்டரின் உள் நெட்வொர்க் இவை இரண்டிலும் சேராத மூன்றாவதாக இருக்க வேண்டும். மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (அது தானே என்ஏடி செய்யாமல் லைனை ரூட்டருக்கு அப்படியே கடத்தும் முறைக்கு) மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

சேவை நிறுவனம் தானாகத் தரும் டிஎன்எஸ் முகவரி, பல நேரங்களில் அந்த நிறுவனத்தின் லைனிலிருந்து கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். இரண்டு லைனிலும் பதில் தரக்கூடிய பொது டிஎன்எஸ் முகவரியைக் கொடுப்பது எளிய தீர்வு. மைக்ரோடிக்கில் ஃபாஸ்ட்டிராக் என்ற வேகப்படுத்தும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், அது பாக்கெட்டுகளைக் குறிபோடும் இடத்தைத் தாண்டிக் குறுக்கு வழியில் கொண்டுபோய்விடும். பிசிசி அமைத்தும் பாதி நேரம் தவறான லைனில் போகிறது என்றால் இதை நிறுத்திப் பார்க்க வேண்டும். எம்டியு அளவும், அதாவது ஒரு பாக்கெட் எத்தனை பைட் வரை இருக்கலாம் என்பதும், லைனுக்கு லைன் மாறும்: சாதாரண ஈதர்நெட்டில் 1500, பிபிபிஓஇ (பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து இணையும் முறை) லைனில் 1492, மொபைல் லைனில் அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். மாறிய பிறகு சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கினால் எம்எஸ்எஸ் கிளாம்பிங் (பாக்கெட்டின் அளவை லைனுக்கு ஏற்பக் குறைக்கச் செய்யும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியிலிருந்து உள்ளே வரும் தொடர்புகள் தனிக் கதை. கேமராவையோ சர்வரையோ போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை உள்ளே ஒரு கருவிக்கு அனுப்பும் விதி) மூலம் திறந்திருந்தால், இரண்டாவது லைன் வழியாக வந்த கோரிக்கைக்குப் பதிலும் அதே லைனில் போக வேண்டும்; டிஃபால்ட் ரூட்டைப் பின்பற்றி முதல் லைனில் போனால் தொடர்பு உருவாகாது. உள்ளே வரும்போதே தொடர்பின் மேல் குறி போட்டு, பதிலை அந்தக் குறிப்படி அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டாவது லைன் மொபைல் லைனாக இருந்து, அதில் கிடைக்கும் முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எல்லைக்குள் இருந்தால், சேவை நிறுவனமே ஒரு முறை என்ஏடி செய்கிறது என்று பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழி அந்த லைனில் கிடையாது. ஐபிவி6-இல் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்த முகவரித் தொகுதியைக் கணினி வரைக்கும் கொடுப்பதால் மேலே சொன்னவை அப்படியே பொருந்தா. தொடக்கத்தில் ஐபிவி4-ஐச் சரியாக அமைத்துவிட்டுப் பிறகு ஐபிவி6-ஐத் தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.

இரண்டு லைனும் உண்மையில் இரண்டுதானா

99 சதவீத நேரம் இயங்கும் லைன் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 மணி நேரம் அது இருக்காது. அப்படிப்பட்ட இரண்டு லைன்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் பழுதானால், இரண்டும் ஒருசேர இல்லாமல் போகும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடம்தான். இந்தப் பெரிய வேறுபாடு முழுவதும் "தொடர்பில்லாமல்" என்ற நிபந்தனையில் நிற்கிறது. இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரே குழியில் புதைந்திருந்தால், ஒரே லாரி இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெயர் வேறாக இருக்கும் இரண்டு நிறுவனங்கள் ஒரே மேல்நிலை நெட்வொர்க்கிலிருந்து வாங்கி விற்பதும் உண்டு. ஒன்று ஃபைபர், மற்றது 4ஜி அல்லது 5ஜி என்று ஊடகமே வேறாக இருந்தால் இந்த நிபந்தனை பெரும்பாலும் நிறைவேறும். மோடம்கள், ரூட்டர், இடையில் உள்ள சுவிட்ச் எல்லாம் யுபிஎஸ்ஸில் இருக்கின்றனவா என்பதையும் கூடவே பார்த்துவிட வேண்டும். ஒரு மோடத்தின் அடாப்டர் மட்டும் சுவரில் நேராகச் செருகியிருப்பது அடிக்கடி காணும் காட்சி.

சோதித்துப் பார்ப்பது

ரூட்டரிலிருந்து வேன் கேபிளைப் பிடுங்கிப் பார்த்து, மாறிவிட்டது என்று திருப்திப்படுவது போதுமான சோதனை ஆகாது. அப்போது போர்ட்டே செத்துவிடுவதால் எந்த அமைப்பும் இல்லாத ரூட்டர்கூட மாறிவிடும். மோடத்துக்கும் ரூட்டருக்கும் இடையில் உள்ள கேபிளைத் தொடாமல், மோடத்துக்குள் வெளியிலிருந்து வரும் ஃபைபரைக் கழற்றுங்கள். ஃபைபரைக் கழற்றத் தயக்கமாக இருந்தால், சோதனை முகவரிகளுக்குப் போகும் பிங்கை ஃபயர்வால் விதியால் தற்காலிகமாகத் தடுத்துப் பார்க்கலாம். ஆனால் முன்னதுதான் உண்மையான பழுதுக்கு நெருக்கமானது.

கழற்றுவதற்கு முன்பே ஒரு கணினியில் தொடர்ச்சியான பிங் ஒன்றும், ஒரு தொலைபேசி அழைப்பும், ஒரு பெரிய டவுன்லோடும் ஓடிக்கொண்டிருக்கட்டும். எத்தனை விநாடி பிங் நின்றது, அழைப்பு அறுந்த பிறகு அதே தொலைபேசியிலிருந்து மறுபடி அழைக்க முடிந்ததா, அதற்கு எவ்வளவு நேரம் ஆனது, புதிதாக ஒரு தளம் உடனே திறந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஃபைபரைச் செருகி, திரும்பி வருவதையும் இதே போலப் பாருங்கள். வந்த பிறகு இரண்டாவது லைனில் எந்தத் தொடர்பும் தங்கவில்லை என்பதைத் தொடர்புப் பதிவேட்டில் சரிபாருங்கள்.

அதே சோதனையை இரண்டாவது லைனுக்கும் செய்ய வேண்டும். ஃபெயில்ஓவர் மட்டும் அமைத்த இடங்களில் இரண்டாவது லைன் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். சிம்மின் டேட்டா காலாவதியாகியிருக்கலாம், மோடம் செயலிழந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. முதல் லைனுக்கு வைத்த அதே பிங் கண்காணிப்பை இரண்டாவதற்கும் வைத்து, அது செத்தால் மின்னஞ்சலோ செய்தியோ வரும்படி அமைத்துவிடுங்கள். கூடவே சிறிய அளவு போக்குவரத்தை, விருந்தினர் வைஃபை போன்ற ஒன்றை, எப்போதும் அந்த லைனில் ஓட விட்டால் இன்னும் நல்லது. அந்த லைனில் கோளாறு வந்தால் கருவிக்கு முன்பே ஆட்கள் வந்து சொல்லிவிடுவார்கள்.